மூச்சு எண்ணும் வகுப்பும் ஐம்பதாயிரம் ரூபாய் மேசையும்

மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் 21 நாள் மனப்பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தேன். கட்டணம் 3,500 ரூபாய். மாலை 7 மணிக்கு, தினமும் ஒரு மணி நேரம். நீட் எழுதும் பிள்ளைகளும் தூக்கம் வராத பெரியவர்களும்தான் அதிகம் வருகிறார்கள். நான் போனது போக்கர் என்ற சீட்டாட்டத்துக்காக.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் எனக்குக் கமிஷன் கடை. வருஷத்துக்கு இரண்டு தடவை கோவா போய், மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல்களில் போட்டி ஆடுவேன். ஆன்லைனில் காசு வைத்து ஆடுவதை 2025ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. நான் அதற்கு முன்பே அதை விட்டுவிட்டேன். ஆட்டத்துக்கென்று தனியாக எடுத்து வைத்த பணம் தவிரக் கடைப் பணத்தைத் தொடுவதில்லை. வழக்கமாக 10,000 ரூபாய் நுழைவுக் கட்டணம்தான். போன வருஷம் முதல் தடவையாக 50,000 ரூபாய் மேசையில் உட்கார்ந்தேன்.

ஏழு மணி நேரம் நன்றாகவே ஆடினேன். அப்புறம் கையில் இரண்டு ஏஸ். ஒரு தடவை பிரித்துத் தரும் இரண்டு சீட்டை ஒரு கை என்போம், 221 கைக்கு ஒரு தடவைதான் இரண்டு ஏஸ் வரும். எதிராளியிடம் இரண்டு கிங். அவருடைய சிப்ஸ், அதாவது பந்தயம் கட்டும் வில்லைகள், முழுக்க நடுவில். நூற்றுக்கு 82 தடவை ஏஸ் ஜெயிக்கும் இடம். மேசையில் பொதுவாக விரிக்கும் சீட்டுகளில் கடைசிச் சீட்டு கிங்காக விழுந்து அவர் ஜெயித்தார். சரி, அது ஆட்டத்தில் உள்ளதுதான். என்னிடம் இன்னும் கால்பங்கு சிப்ஸ் மிச்சம் இருந்தது. ஆனால் அடுத்த இருபது நிமிடமும் என் கண்ணில் அந்தக் கிங்தான் நின்றது. ஒரு கிங்கும் ஒன்பதும் என்ற சுமாரான கை வந்தபோது மிச்சம் எல்லாவற்றையும் நடுவில் தள்ளி, தோற்று வெளியே வந்தேன். ஆடுகிறவர்கள் இதை டில்ட் என்பார்கள். சின்னப் போட்டிகளில் எனக்கு இப்படி ஆனதே இல்லை. கட்டின தொகை மனசில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வகுப்பு எடுக்கும் டீச்சர் அறுபது தாண்டியவர், ஓய்வு பெற்ற பி.டி. டீச்சர். முதல் பத்து நாளும் ஒரே பயிற்சிதான். மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ண வேண்டும், நடுவில் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. முதல் நாள் நான் நாலைத் தாண்டவில்லை. நாலில் விட்டோமா, ஐந்தில் விட்டோமா என்று யோசித்தே நேரம் போய்விடும். மூன்றாம் நாள் அதை அவரிடம் சொன்னேன். "விட்ட இடத்தைத் தேடாதீங்க தம்பி. ஒன்னுலருந்து ஆரம்பிங்க" என்றார். அன்று கீழே இறங்கி, வண்டியை எடுக்காமல் ரொம்ப நேரம் நின்றேன். கோவாவில் அந்த இருபது நிமிடமும் நான் விட்ட இடத்தைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் அங்கேதான் புரிந்தது. மார்க்கெட்டில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மல்லி விலை நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். கண்ணும் காதும் தானாக விழித்திருக்கும். போக்கர் மேசை அப்படி இல்லை. ஐந்து கையில் நாலைக் கீழே போட்டுவிட்டுச் சும்மா உட்கார வேண்டியதுதான். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் போனை எடுப்போம், வீட்டை நினைப்போம். எதிரே இருப்பவர் எந்தக் கைக்கு எவ்வளவு போடுகிறார் என்பதைப் பார்க்கத் தவறுவதும் அப்போதுதான். ஓடிய கவனத்தைச் சலிக்காமல் திருப்பிக் கூட்டிவரும் பழக்கம் இந்தப் பத்து நாளில் எனக்கு வந்தது.

பதினோராம் நாளிலிருந்து வகுப்பு இறங்கிவிடுகிறது. விளக்குச் சுடரைப் பார்க்கும் பயிற்சியில் எனக்குக் கண் எரிந்தது, வேறு பலன் தெரியவில்லை. ஸ்பீக்கரில் ஒரே இசையைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். கடைசி நாலு நாளும் 12,000 ரூபாய் அடுத்த கட்ட வகுப்பில் சேரச் சொல்லியே பாதி நேரம் போகிறது. டீச்சர் அதில் வாய் திறக்கவில்லை, நிர்வாகத்து ஆட்கள்தான் பேசினார்கள். காசு கட்டி வந்தவர்களிடம் இப்படிச் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை.

தூக்கத்தைப் பற்றியும் யாரும் பேசவில்லை. நான் விடிகாலை 3 மணிக்கு எழுகிறவன், போட்டியோ நள்ளிரவு தாண்டியும் நடக்கும். அதனால் இந்த வருஷம் கிளம்புவதற்கு நாலு நாள் முன்பே கடையை மச்சானிடம் விட்டுவிட்டு, 2 மணிக்குப் படுத்துப் பழகினேன். மூச்சு எண்ணுவதையும் நள்ளிரவுக்கு மாற்றிக்கொண்டேன். இது பெரிய உதவி.

அதே 50,000 ரூபாய் போட்டி. பரிசு வரிசைக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு ஜாக் வைத்துப் பாதிக்கு மேல் தோற்றேன். கையை மேசைக்குக் கீழே வைத்துப் பத்து வரை மூன்று தடவை எண்ணினேன். அடுத்து வந்த பதினோரு கைகளும் ஆடத் தகுந்தவை அல்ல, பதினொன்றையும் ஆடாமல் கீழே போட்டேன். மிச்சத்தை வைத்து மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்துப் பரிசுப் பட்டியலின் கடைசிப் பக்கமாக உள்ளே வந்தேன்.

போகிறவர்கள் பத்து நாளுக்கு மட்டும் என்று டீச்சரிடமே நேரில் கேளுங்கள், 2,000 ரூபாய்க்குச் சேர்த்துக்கொள்கிறார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை மட்டும் வேண்டாம், எதிரே கல்யாண மண்டபம். மேளச் சத்தத்தில் மூன்றுக்கு மேல் எண்ண முடியாது.