மூன்று வார விடுப்பில் ஒரு விடுதலைப் பத்திரம்

"எனக்கு எதுவும் வேண்டாம்டா, வீட்டை நீயே வெச்சுக்கோ." வெளிநாட்டிலிருந்து அக்கா போனில் இப்படிச் சொல்லிவிடுவார். மனசார சொல்வதுதான். ஆனால் அந்தச் சொல்லை வைத்து ஊரிலிருக்கும் தம்பி மாடி எடுக்கக் கடன் கேட்டால், வங்கி வக்கீல் முதலில் கேட்பது அக்காவின் கையெழுத்தை, அதாவது தன் பங்கை விட்டுக்கொடுத்து அவர் எழுதிப் பதிவு செய்யும் விடுதலைப் பத்திரத்தை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் அப்பா போய்விட்டால், அவர் சம்பாதித்த சொத்தில் அம்மா, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. பட்டா தம்பி பெயரில் இருந்தாலும் அக்காவின் பங்கு அப்படியேதான் இருக்கும். அம்மாவின் பங்கை மறந்துவிட்டுப் பத்திரம் எழுதுகிறவர்கள் ஏராளம். பின்னால் அதற்கென்று தனிப் பத்திரம் போட வேண்டிவரும்.

டிக்கெட் போடுவதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். வாரிசு சான்றிதழுக்கு ஊரிலிருப்பவர் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ), வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) விசாரணை முடிந்துதான் தாசில்தார் தருவார். அது கையில் இல்லாமல் மூன்று வார விடுப்பில் இறங்கினால் பத்திரப்பதிவு நடப்பது கடினம். அதோடு வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், அப்பாவின் இறப்புச் சான்று, வீட்டுவரி ரசீது. பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால், முதலில் வாரிசுகள் பெயருக்குக் கூட்டுப் பட்டாவாக மாற்றிவிடுவது நல்லது.

விடுப்பைத் தின்பது பெரும்பாலும் பெயர்தான். பள்ளிச் சான்றிதழில் 'மு. செல்வி'. பழைய இந்திய பாஸ்போர்ட்டில் 'செல்வி முருகேசன்'. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த வெளிநாட்டு பாஸ்போர்ட்டிலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையிலும் 'செல்வி ராஜேந்திரன்'. மூன்றும் ஒருவரே என்பது குடும்பத்துக்குத் தெரியும், பதிவு அலுவலகத்துக்குத் தெரியாது. வாரிசு சான்றிதழ் விண்ணப்பத்திலேயே இப்போதைய பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, பெயரைக் கொடுங்கள். பத்திரத்தில் "செல்வி முருகேசன் என்கிற செல்வி ராஜேந்திரன்" என்று எழுதச் சொல்லுங்கள். ஆதார் இல்லாத ஓசிஐக்காரர்கள் அசல் பாஸ்போர்ட்டையும் அட்டையையும் பான் அட்டையையும் எடுத்துப் போக வேண்டும்.

செலவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலையிலிருந்து அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. சொத்து 60 லட்சம், பங்குதாரர் மூன்று பேர் என்றால், அக்கா விடும் பங்கு 20 லட்சம். தீர்வை 20,000, கட்டணம் 10,000, ஆக 30,000. எழுத்துக்கூலி தனி. பணம் வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தால் வருமானவரிக்கு அது விற்பனைதான். வெளிநாட்டிலிருப்பவருக்குப் பணம் தரும்போது தம்பி வரியைப் பிடித்துக் கட்டியாக வேண்டும். அப்படியானால் கையெழுத்துக்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

நஞ்சை புஞ்சைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வெளிநாட்டில் வாழ்பவர் விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாம், ஊரிலிருக்கும் தம்பிக்கு விட்டுக்கொடுக்கலாம். ஆனால் தம்பி தன் பங்கைப் பாசத்தோடு அக்காவுக்குத் தானமாக எழுத முடியாது, அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தராது. "வீடு உனக்கு, வயல் எனக்கு" என்று பேசி முடித்த பிறகு பல குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பதிவன்று டோக்கன் நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். அடையாளம் காட்ட இரண்டு சாட்சிகள் வேண்டும். போட்டோ எடுத்து, விரல்ரேகை வைத்து முடிப்பார்கள். வர முடியாதவர், தனக்காகக் கையெழுத்துப் போட இங்கே ஒருவருக்கு அதிகாரம் தரும் பவரை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் எழுதி அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். தம்பி அதை பீரோவில் பத்திரமாக வைத்திருக்க, நாள் தாண்டிப்போவது அடிக்கடி நடக்கிறது.

"அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம். அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவர் பங்கு அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் போகும். அந்த நாட்டு இறப்புச் சான்று, அதற்கு அப்போஸ்டில் என்கிற அந்நாட்டு அரசின் சான்றொப்பம், மாமாவை ஒன்றிரண்டு முறை மட்டுமே பார்த்த பிள்ளைகளின் கையெழுத்து என்று தம்பி ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கும். இத்தனை வருடம் வீட்டுவரி கட்டியவர், ஓடு மாற்றியவர், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் அவர். அந்தக் கணக்கைக் கேட்காமல், வந்த முதல் வாரத்திலேயே பதிவுக்கு நாள் குறித்துவிடுங்கள். பட்டா மாற்றத்துக்கு மனு கொடுக்க மீதி இரண்டு வாரம் இருக்கும்.