பூட்டு நம் வீட்டில், சாவி யாரிடம்?

அக்கா மகள் எங்களிடம் வந்தபோது அவளுக்குப் பத்து வயது. கையில் ஒரு துணிப்பை, ஒரு டேப்லெட். வந்த வாரமே படம் வரைகிற ஆப் ஒன்றை இறக்கப் பார்த்தாள். "பெற்றோர் ஒப்புதல் தேவை" என்று திரை நின்றுவிட்டது. அந்தக் கோரிக்கை போன இடம் அக்காவின் கணக்கு. அதன் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. மாற்றலாம் என்றால் ஓடிபி போகிற சிம் எப்போதோ செத்துப்போயிருந்தது. "அம்மாகிட்ட கேளு சித்தி" என்றாள். அக்காவிடம் கேட்கிற நிலைமையில் அன்று யாரும் இல்லை.

பிள்ளைகளுக்கான பாதுகாப்பு ஆப்களை ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் பெற்றவர்களுக்காக எழுதப்பட்டவை. எதில் வசதி அதிகம் என்று பட்டியல் போடுவார்கள். பேரனை வளர்க்கும் பாட்டிக்கும், மருமகனை வளர்க்கும் மாமாவுக்கும் அதற்கு முன் இரண்டு கேள்விகள் உண்டு. சாவி யார் கையில் இருக்கிறது? பூட்டினால் அம்மாவிடமிருந்து வரும் அழைப்பும் சேர்ந்து அறுந்துபோகுமா? நான் எடை போட்டது இந்த இரண்டையும் வைத்துத்தான்.

ஃபேமிலி லிங்கா, ஸ்கிரீன் டைமா?

ஆண்ட்ராய்டு போன் என்றால் கூகுளின் ஃபேமிலி லிங்க், ஐபோன் என்றால் ஆப்பிளின் ஸ்கிரீன் டைம். முன்னது 2017-இல் வந்தது, பின்னது 2018-இல். இரண்டுக்கும் காசு இல்லை. ஆப் இறக்க ஒப்புதல், நேர வரம்பு, இரவில் பூட்டுவது என்று அடிப்படை வேலைகளை இரண்டும் செய்யும். வித்தியாசம் சாவியில்தான்.

ஃபேமிலி லிங்கில் வளர்ப்பவரின் போன் ஆண்ட்ராய்டாக இருந்தாலும் ஐபோனாக இருந்தாலும் பரவாயில்லை. ஸ்கிரீன் டைமைத் தூரத்திலிருந்து நடத்த நம்மிடமும் ஆப்பிள் கருவி வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளையின் போனிலேயே நான்கு இலக்க எண் ஒன்றைப் போட்டுப் பூட்டலாம். யாரோ கொடுத்த பழைய ஐபோன் பிள்ளையிடம், சாதாரண ஆண்ட்ராய்டு பாட்டியிடம் என்ற வீடுகளுக்கு இந்த வழிதான். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. எண் மறந்துபோனால் மீட்பதற்காக ஒரு ஆப்பிள் கணக்கைக் கேட்கும். அங்கே பிள்ளையின் கணக்கையே கொடுத்தால், பூட்டிவிட்டுச் சாவியை அதன் சட்டைப்பையில் போட்ட மாதிரி.

அம்மாவின் அழைப்பு விஷயத்தில் இரண்டுமே மோசமில்லை. ஸ்கிரீன் டைமில் 'எப்போதும் அனுமதி' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அம்மா எந்த ஆப்பில் கூப்பிடுகிறாளோ அதை அங்கே சேர்த்துவிட்டால், மற்றதெல்லாம் பூட்டிக் கிடந்தாலும் அது இயங்கும். ஃபேமிலி லிங்கிலும் அன்றைய நேர வரம்பு தீர்ந்த பிறகு ஒரு ஆப்பை மட்டும் விட்டுவைக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஆப்பிளில் இன்னொரு நல்ல விஷயம்: மெசேஜில் ஆபாசப் படம் வந்தால் அதை மங்கலாக்கி எச்சரிக்கும். அந்தச் சோதனை போனுக்குள்ளேயே முடிந்துவிடும், படம் வெளியே போகாது.

இரண்டிலும் முதலில் பார்க்க வேண்டியது, பிள்ளையின் கணக்கு ஏற்கெனவே யாருடைய குடும்பக் குழுவில் (ஒரு வீட்டாரின் கணக்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ஏற்பாடு) இருக்கிறது என்பது. ஒரு பிள்ளை ஒரே சமயத்தில் ஒரு குழுவில்தான் இருக்க முடியும். அம்மாவோ அப்பாவோ இன்னும் நிர்வாகியாக இருந்தால், ஃபேமிலி லிங்க் வழியாகப் பிள்ளையின் போன் எங்கே இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியலாம். சுமுகமான குடும்பத்தில் அது நிம்மதி. பிள்ளையைப் பார்க்கக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருக்கும் குடும்பத்தில் அது ஆபத்து. அப்புறம், ஒப்புதல் தருபவர் பெற்றோராகவோ சட்டப்படியான காப்பாளராகவோ இருக்க வேண்டும் என்று கணக்கு தொடங்கும்போதே கேட்பார்கள். பொறுப்பு யாருக்கு என்பதில் தகராறு இருந்தால், முதலில் அந்தக் காகிதத்தைத் தெளிவாக்கிக்கொண்டு பிறகு போனைத் தொடுங்கள்.

ரவுட்டரில் ஒரு வடிகட்டி

கணக்கும் வேண்டாம், குழுவும் வேண்டாம் என்றால் இது. வீட்டுக்கு வைஃபை தரும் பெட்டிதான் ரவுட்டர். அதன் செட்டிங்ஸில், தளப் பெயர்களைத் தேடித் தரும் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3 என்று போட்டால், வீட்டு வைஃபையில் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் ஆபாசத் தளங்களும் வைரஸ் தளங்களும் அடைபடும். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 முதல் இலவசமாகத் தருவது. சாவி என்பது ரவுட்டரின் பாஸ்வேர்ட் மட்டும். அதில் அக்காவும் இல்லை, செத்த சிம்மும் இல்லை. அம்மாவின் அழைப்புக்கும் தொந்தரவில்லை.

ஆனால் இந்த வடிகட்டிக்குத் தெரிவது தளத்தின் பெயர் மட்டும்தான். யூடியூபுக்குள் எந்த வீடியோ ஓடுகிறது, விளையாட்டின் சாட்டில் யார் "உன் வயசென்ன?" என்று கேட்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. மொபைல் டேட்டாவுக்கு மாறினால் தாண்டிவிடலாம். நம் பிள்ளைகள் வாரக்கடைசியில் பெரியப்பா வீடு, அப்பா வீடு என்று போய்வருபவர்கள். வடிகட்டி கூடவே போகாது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், இதை மட்டும் நம்ப முடியாது.

ஒளிந்து பார்க்கும் ஆப்கள்

வேண்டாம். பிள்ளையின் செய்திகளையெல்லாம் முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் சர்வரில் கொட்டுகிற வேலை இது. அதில் அவள் அம்மாவுக்கு எழுதியதும் இருக்கும். கண்டுபிடித்துவிட்டால் அவளுக்கு நம்மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும், தோழியின் போனில் இன்னொரு கணக்கு முளைக்கும். உண்மையிலேயே யாரோ மிரட்டுகிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் போக வேண்டிய இடம் போலீஸ்.

பூட்டே இல்லாத வழி

இரவில் எல்லாப் போன்களும், பெரியவர்களுடையதும் சேர்த்து, கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகும். அப்புறம் பேச்சு. எளிது போலத் தெரிந்தாலும் எங்களுக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. ஏற்கெனவே ஒரு வீட்டை விட்டு வந்த பிள்ளை, தப்பு செய்தால் இங்கிருந்தும் அனுப்பிவிடுவார்கள் என்று உள்ளுக்குள் பயப்படும். போனைப் பிடுங்கினால் அம்மா போய்விடுவாள் என்றும் பயப்படும். அதனால் எது நடந்தாலும் மூடிவைக்கும். "எதைக் காட்டினாலும் போனை வாங்க மாட்டேன், உன்னையும் எங்கேயும் அனுப்ப மாட்டேன்" என்று ஒருமுறை சொன்னால் போதவில்லை. பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில் போகும்போது என்று பலமுறை சொன்னேன். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் அவளே திரையை நீட்டினாள். விளையாட்டில் பழகிய 'அண்ணா' ஒருவர் படம் கேட்டிருந்தார். எந்தப் பூட்டிலும் அது சிக்கியிருக்காது.

நல்லவேளை, அவள் அனுப்பவில்லை. அனுப்பிவிட்டிருந்தால் செய்ய வேண்டியது: மிரட்டிக் கேட்டாலும் பணம் கொடுக்கக்கூடாது, உரையாடலை அழிக்கக்கூடாது, சாட்சிக்கு என்றுகூட அந்தப் படத்தை வேறு யாருக்கும் அனுப்பக்கூடாது. பதினெட்டு வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படங்களை இணையத்திலிருந்து நீக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்காக இயங்கும் அமெரிக்காவின் என்சிஎம்இசி அமைப்பு 2023-இல் தொடங்கியது. படம் போனை விட்டு வெளியே போகாது. படத்திலிருந்து போனிலேயே கணக்கிட்ட ஒரு அடையாள எண் மட்டும் போகும். சேவையில் சேர்ந்துள்ள தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும்.

ஒன்றே ஒன்று என்றால் கூடத்துச் சார்ஜரும் பேச்சும்தான் என் தேர்வு. இரண்டு என்றால், வளர்ப்பவரின் கணக்கிலேயே புதிதாகத் தொடங்கிய ஃபேமிலி லிங்க். அவளுக்கு என் பழைய போனில் அப்படித்தான் செய்து கொடுத்தோம். அந்த டேப்லெட்டை எல்லாம் அழித்துப் புதிதாக்கித் தரலாம் என்று கணவர் சொன்னார். அவளும் அக்காவும் எடுத்த படங்கள் அதற்குள்தான் இருந்தன. படங்களை நகலெடுத்துக்கொண்டோம், டேப்லெட்டை அழிக்கவில்லை. அவள் அலமாரியில் இருக்கிறது, எப்போதாவது சார்ஜ் போடுகிறாள்.