நாவல் தேன் குடித்தால் சர்க்கரை நோய் போய்விடுமாம்: பொருட்காட்சிக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

மதுரைப் பக்கம் பொருட்காட்சிகளில் 'ஒற்றைப் பூத் தேன்' என்று பலகை மாட்டிய கடை ஒன்று வருகிறது. சர்க்கரைக்கு நாவல் தேன், இரத்தசோகைக்கு முருங்கைத் தேன், ஆஸ்துமாவுக்குத் துளசித் தேன், தோல் நோய்க்கு வேம்புத் தேன் என்று நோய்க்கொரு பாட்டில். அரை கிலோ 1,200 ரூபாய். அம்மாவும் சித்தியும் நாவலும் துளசியும் வாங்கி வந்தார்கள்.

விற்றவர் பேச்சில் கெட்டிக்காரர். கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது கரையாமல் அடியில் போய் உட்கார்வதைக் காட்டினாராம். பஞ்சுத் திரியைத் தேனில் நனைத்துக் கொளுத்திக் காட்டினாராம். நன்றாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் இந்த வித்தையெல்லாம் செய்யும். "காலையில் வெறும் வயிற்றில் இரண்டு ஸ்பூன் சாப்பிடுங்கள் அம்மா, மாத்திரையை நீங்களே தூக்கிப் போட்டுவிடுவீர்கள்" என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அம்மா அதை நம்பி, யாரிடமும் சொல்லாமல் இரவு மாத்திரையை நிறுத்திவிட்டார். அடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 240. எந்தப் பூவின் தேனானாலும் அதில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரைதான் என்று டாக்டர் சொன்னபோது அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாட்டு மருத்துவத்தில் சர்க்கரைக்குக் கொடுப்பது நாவல் கொட்டைப் பொடி. கொட்டைக்குச் சொல்லும் குணத்தைப் பூவில் ஊறும் இனிப்பின் தலையில் ஏற்றிவிட்டார் இந்த மனிதர்.

சண்டை போடப் போன அன்று, கடையில் லேமினேட் செய்து தொங்கவிட்டிருந்த செய்தித்தாள் நறுக்கை நின்று படித்தேன். தேன் புண்ணை ஆற்றுகிறது என்ற ஆராய்ச்சிச் செய்தி. பொய்யில்லை, ஆனால் அது நியூசிலாந்தின் மனுகா தேனைப் பற்றியது. சாதாரணத் தேன் கிருமியைக் கொல்வதற்குப் பெரும்பாலும் அதில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு காரணம். மனுகாவில் அதை நீக்கிய பிறகும் கிருமிகள் சாகின்றன என்பதை வைக்காட்டோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் மோலன் 1980களில் கவனித்தார். அதற்குக் காரணம் மெத்தில்கிளையாக்சால் என்ற பொருள் என்று 2008இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மனுகாப் பூவின் மதுவில் இருக்கும் ஒரு பொருள் தேனடையில் மெல்ல மெல்ல அப்படி மாறுகிறது. அதையும் மருத்துவமனையில் காமா கதிரால் கிருமி நீக்கி, புண்ணின் மேல்தான் வைக்கிறார்கள். குடித்துச் சர்க்கரையைக் குறைக்க அல்ல. அந்தத் தேனின் புகழை இந்தப் பாட்டிலுக்குக் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

இது நாவல் தேன்தானா என்பதே வேறு கதை. துளசி பாட்டிலைக் காலிசெய்து வெந்நீரில் ஊறப்போட்டபோது மேல் லேபிள் உரிந்து வந்தது. அடியில் இன்னொரு லேபிள்: 'முருங்கைத் தேன்'. இரண்டிலும் ஒரே தொகுதி எண். உணவுப் பாதுகாப்பு உரிம எண் 14 இலக்கம் இருக்க வேண்டும். இதில் எண்ணிப் பார்த்தால் 12.

மார்த்தாண்டத்தில் தேனீ வளர்க்கும் நண்பரிடம் படம் அனுப்பினேன். சிரித்தார். பூ மலரும் பருவத்தில் பெட்டிகளை அந்தத் தோப்புக்கே கொண்டுபோய் வைத்து, வேறு பூவின் தேன் சேருமுன் அடையை எடுத்தால்தான் ஒரு பூவின் தேன் தேறும் என்றார். "எங்கள் ஊர்த் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்தே வருவதில்லை, ரப்பர் மரத்தின் இளம் இலைக் காம்பில் சுரப்பது. அதை அப்படித்தான் சொல்லி விற்கிறோம்." தொட்டியில் வளரும் துளசியை நம்பி டஜன் கணக்கில் பாட்டில் நிரப்ப எந்தத் தேனீயாலும் ஆகாது என்பதும் அவர் சொன்னதுதான். ஒரு பூவின் பெயரைப் போட்டு விற்க, தேனிலுள்ள மகரந்தத்தில் குறைந்தது 45 சதவீதம் அந்தச் செடியுடையதாக இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. அந்த ஆய்வறிக்கையைக் கடைக்காரரிடம் கேட்டேன். "தேனீயிடம் போய்க் கேளுங்கள் சார்" என்றார். இரட்டை லேபிளைக் காட்டியதும் குரல் இறங்கியது. பையன் மாற்றி ஒட்டிவிட்டானாம். பணம் திரும்பக் கிடைக்காது, வேண்டுமானால் வேம்புத் தேன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்!

தேனே வீண் என்று நான் சொல்லவில்லை. இருமலுக்குத் தேன் ஓரளவு இதம் தரும், இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல்களிலேயே அது இருக்கிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் நாக்கில் தடவக்கூடக் கூடாது. ஆனால் உணவாக விற்கும் எதையும் நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்கச் சட்டம் இடம் தரவில்லை. சர்க்கரை நோய் தீரும் என்று பலகையில் எழுதியிருந்தாலே புகார் கொடுக்க அது போதும்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். அதற்குள் பொருட்காட்சி முடிந்து கடை கிளம்பிவிட்டது. அடுத்து திண்டுக்கல் பக்கம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். மீதித் தேனுடன் நாவல் பாட்டிலும், ரசீதும், உரிந்த லேபிளும் என்னிடம் இருக்கின்றன. அங்கே வாங்கியவர்கள் யாராவது புகார் கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள், படங்களை அனுப்புகிறேன்.