மைக்ரோஃபிலிமா, ஸ்கேனா? சங்கத்துப் பழைய மினிட் (கூட்டக் குறிப்பு) புத்தகங்களுக்கு எது சரி?

மைக்ரோஃபிலிம் என்றால் பக்கங்களை மிகச் சிறிதாகப் படம்பிடித்த ஃபிலிம் சுருள். 1968இல் தொடங்கி, 2012 முதல் தேசிய நூலக வாரியத்தின் கீழ் இயங்கும் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்திடம் இரண்டும் உண்டு. சங்கங்களுக்கு அந்த வசதி ஏது?

ஆயுள்
ஃபிலிம்: பாலியெஸ்டர் சுருள் குளிர்ந்த, உலர்ந்த அறையில் சுமார் 500 ஆண்டு நிற்கும்.
ஸ்கேன்: ஹார்ட் டிஸ்க்கை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மாற்றவேண்டும்.

புழுக்கம்
ஃபிலிமுக்கு இதுதான் எமன். பழைய அசிட்டேட் சுருளைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், அது சிதையத் தொடங்கிவிட்டது. பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். உடனே பிரித்து வையுங்கள்.

இடம்
ஏ4 பக்கத்தை 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) அளவில், சுருக்காத வண்ண டிஃப் படக் கோப்பாக ஸ்கேன் எடுத்தால் ஏறக்குறைய 46 எம்பி. 200 பக்கப் புத்தகம் 9 ஜிபியைத் தாண்டும். இடம் மிச்சம் என்று, நுணுக்கங்களை இழந்து சுருங்கும் ஜேபெக் கோப்பை மட்டும் வைத்துக்கொள்வது வேண்டாம்.

தேடல்
ஃபிலிம்: சுருட்டிச் சுருட்டித்தான் பார்க்கவேண்டும்.
ஸ்கேன்: கையெழுத்துத் தமிழைக் கணினி சரியாகப் படிக்காது. கூட்டத் தேதி, பக்க எண்ணோடு எக்செல் பட்டியல் போடுங்கள், அலுப்பான வேலைதான்.

இரவும் பகலும் ஏர்கான் ஓடும் அறை இருந்தால் ஃபிலிம். உறுப்பினர்கள் அடிக்கடி கேட்டால் ஸ்கேன்: மூன்று பிரதி, ஒன்று வேறு கட்டடத்தில். எதுவானாலும், துருப்பிடித்த ஸ்டேப்பிளை முதலில் கழற்றுங்கள். மூலப் புத்தகத்தைக் கழித்துவிடாதீர்கள்.