இ.ஏ.பி.யா, இன்சூரன்ஸ் தெரபிஸ்டா: களைத்துப்போன பைலட்டின் மெடிக்கல்

அமெரிக்காவில் ரீஜனல் ஜெட் ஓட்டுகிறேன். போன வருடம் ஓர் அதிகாலை, ஹோட்டலில் அலாரம் அடித்தது. எந்த ஊரில் இருக்கிறேன் என்றே பிடிபடவில்லை. சட்டைப் பொத்தான் போடக் கால் மணி நேரம் ஆனது. உடம்பு சரியில்லை என்று ஃபோன் செய்துவிட்டுப் படுத்துவிட்டேன். உடல்நிலை தகுதியில்லை என்று தனக்கே தெரிந்தால் பறக்கக்கூடாது என்கிறது அமெரிக்க விமானத் துறை நிர்வாகத்தின் 61.53 விதி, அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அப்புறம் யாரிடம் போவது? கம்பெனியின் ஊழியர் உதவித் திட்டக் கவுன்சலர், அதாவது இ.ஏ.பி., இலவசம்; ஆனால் சில சந்திப்புகளோடு முடிந்துவிடும். வெளியே இன்சூரன்ஸில் போனால் ஆளை நாமே தேர்ந்தெடுக்கலாம், வேண்டிய வரை போகலாம். இது எல்லோருக்கும் தெரிந்ததே.

என்னை முடிவெடுக்க வைத்தது பில்தான். என்னுடையது போல வேலையால் வரும் கடும் களைப்பை, அதாவது பர்ன் அவுட்டை, உலகச் சுகாதார நிறுவனம் நோயாகச் சேர்க்கவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்கிறது. அமெரிக்க பில்லிங்கில் அதற்கு இசட் 73.0 என்று ஒரு குறியீடு உண்டு. ஆனால் அதை மட்டும் போட்டால் இன்சூரன்ஸ் பெரும்பாலும் பணம் தராது. அதனால் தெரபிஸ்டுகள் பலர் எஃப் 43.2, 'அட்ஜஸ்ட்மென்ட் டிஸார்டர்' என்ற மனநலக் கோளாறின் குறியீட்டை எழுதிவிடுகிறார்கள். எழுதியவருக்கு அது வெறும் பில். எனக்கோ, பறக்கத் தேவையான மெடிக்கல் சான்றிதழுக்கு நிரப்பும் 8500-8 படிவத்தின் 18-ஆம் கேள்வியில், மனநலக் கோளாறு என்ற வரிக்கு நேராக ஒரு 'ஆம்'. உடனே மெடிக்கல் பறிபோய்விடாது. ஆனால் விளக்கம், தெரபிஸ்டின் அறிக்கை, காத்திருப்பு என்று இழுக்கலாம். நான் கேப்டன், வயது 43. 6 மாதத்துக்கு ஒருமுறை இதே படிவம்.

19-ஆம் கேள்வி, கடந்த 3 வருடத்தில் பார்த்த மருத்துவர்கள், மனநல நிபுணர்கள் போன்றவர்களைக் கேட்கிறது. இ.ஏ.பி. ஆலோசனையை அதில் எழுத வேண்டியதில்லை என்று படிவத்தின் குறிப்பே சொல்கிறது. போதைப் பழக்கத்துக்காகப் போயிருந்தாலோ, அங்கிருந்து மனநல சிகிச்சைக்கு அனுப்பியிருந்தாலோ எழுதியே ஆக வேண்டும். மறைத்துப் பொய் சொன்னால் 2,50,000 டாலர் வரை அபராதம், 5 வருடம் வரை சிறை. அந்த விளையாட்டே வேண்டாம்.

மாத்திரை வழியில் நான் போனதில்லை. 2010 முதல் சில மனச்சோர்வு மாத்திரைகளோடும் சிறப்பு அனுமதியில் பறக்கலாம். அந்த வழியில் போய்வந்த நண்பர் ஒருவர், மாத்திரையைவிடக் காகிதம்தான் அதிகம் படுத்தியது என்றார்.

நான் இ.ஏ.பி.க்கே போனேன். முதல் நாளே கவுன்சலரிடம் சொல்லிவிட்டேன்: "மேலே சிகிச்சை தேவைன்னா தயங்காம அனுப்புங்க. ஃபாரத்துல நானே எழுதிக்கிறேன்."