பாஸ்தாவுக்கு அடுப்பு எவ்வளவு நேரம் எரிய வேண்டும்?

2022இல் எரிவாயு விலை ஏறி இத்தாலியே தவித்த சமயம். முந்தைய ஆண்டு இயற்பியல் நோபல் வாங்கிய ஜார்ஜோ பரீசி, முகநூலில் ஒரு யோசனையைப் பகிர்ந்தார்: கொதிநீரில் பாஸ்தாவைப் போட்டு இரண்டு நிமிடத்தில் அடுப்பை அணைத்து மூடி வையுங்கள், மீதியைச் சூடு பார்த்துக்கொள்ளும். ரப்பராகிவிடும் என்று சீறினார் பிரபல சமையற்கலைஞர் அன்டோனெல்லோ கொலொன்னா.

கணக்கு பரீசி பக்கம்தான். 200 கிராம் பாஸ்தாவுக்கு வழக்கம்போல 2 லிட்டர் தண்ணீர் என்றால், 30 டிகிரியிலிருந்து கொதிக்க 0.16 யூனிட் வேண்டும். பிறகு ஆயிரம் வாட்டில் பத்து நிமிடம் திறந்து வைத்துத் தளதளக்கவிட்டால் இன்னொரு 0.17. இந்த இரண்டாவது பாதி பெரும்பாலும் ஆவியாகவே போகிறது. எவ்வளவு தளதளத்தாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. மாவுச்சத்து வேக 80 டிகிரியே தாராளம்.

அடுத்த வழி, தண்ணீரையே பாதியாக்குவது. அகலமான வாணலியில் ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரோடு பாஸ்தாவையும் போட்டே அடுப்பை ஏற்றலாம். முதல் பாதிச் செலவும் பாதியாகும். அடியில் மிஞ்சும் கஞ்சி சாஸைக் கெட்டியாக்கும். ஆனால் அவ்வப்போது கிளறாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

சரி, இரண்டையும் சேர்த்தால் என்ன? அங்கேதான் இடிக்கிறது. தண்ணீர் குறைந்தால் பாத்திரம் சீக்கிரம் ஆறிவிடும்; மெல்லிய அலுமினியத்தில் செய்து பார்த்தேன், குழல் வடிவ பென்னே பாஸ்தா நடுவில் வெள்ளையாக நறுக்கென்றே இருந்தது. அடிகனமான பாத்திரம், மேலே துண்டு சுற்றினால் தேறும். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் பரப்பிய, பாத்திரத்தின் சூட்டைத் தக்கவைக்கும் சூடாறாப்பெட்டி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

குக்கர்? மக்ரோனிக்கு ஓடும். பாதிக்கு மேல் நிரப்பினால் நுரை பொங்கி வெயிட் வழியே வழியும். ஒரு நிமிடம் தவறினாலும் களி.

என் ஓட்டு, அரிசி மாதிரி ஊறவைப்பதற்கு. ஒன்றரை மணி நேரம் பச்சைத் தண்ணீரில் கிடந்த ஸ்பகெட்டி வெளுத்து, நூல்போல் வளையும். வடித்து, கொதிக்கும் தக்காளி சாஸில் போட்டால் இரண்டு நிமிடம் போதும். தனியாகத் தண்ணீர் கொதிக்க வைக்கவே வேண்டாம். ஊறவைக்க மறந்த நாளில் பரீசி வழி.