ஆப்ட், டிஎன்எஃப், பேக்மேன்: எது உண்மையிலேயே சுலபம்?

பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் நம்ம ஆட்கள் நாலு பேர் கூடினால், அதில் ஒருத்தர் கணினியில் ஆர்ச் என்ற லினக்ஸ் வகையை வைத்திருப்பார், வைத்திருப்பதைச் சொல்லாமலும் விடமாட்டார். லினக்ஸில் பேக்கேஜ், அதாவது மென்பொருள், போடவும் எடுக்கவும் ஒவ்வொரு வகைக்கும் ஒரு கருவி உண்டு: ஆர்ச்சுக்கு பேக்மேன், உபுண்டு, மிண்ட் போன்றவற்றுக்கு ஆப்ட், ஃபெடோராவுக்கு டிஎன்எஃப். பேக்மேனைப் போல எளிமையானது கிடையாது என்பது அவர் கட்சி. தேடுவது, போடுவது, எடுப்பது எல்லாம் ஒரே கட்டளை, வேகமும் பிரமாதம். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கட்டளையில் பெரிய எஸ்ஸோடு சின்ன எஸ் சேர்ந்தால் ஆர்ச் தரும் பேக்கேஜ்களின் பட்டியலில் தேடும், பெரிய கியூவோடு சேர்ந்தால் ஏற்கெனவே போட்டிருப்பதில் தேடும், பெரிய எஸ்ஸோடு சின்ன ஒய்யும் யுவும் சேர்ந்தால் மொத்த சிஸ்டமும் அப்டேட் ஆகும். அந்த யுவை மறந்து, ஒய்யோடு நிறுத்தி ஏதாவது பேக்கேஜைப் போட்டால் பாதி புதுசு பாதி பழசு என்று சிஸ்டம் அந்தரத்தில் நிற்கலாம். இந்த அரைகுறை அப்டேட்டை ஆதரிப்பதில்லை என்று ஆர்ச் விக்கியே சொல்லிவிட்டது. கருவி எளிமைதான், பாரம் நம் தலையில்.

ஆப்ட்டில் இந்த மனப்பாடம் இல்லை. 'ஆப்ட் இன்ஸ்டால் விஎல்சி' என்று அடித்தால் முடிந்தது. 2014 வரை போட ஆப்ட்-கெட், தேட ஆப்ட்-கேஷ் என்று இரண்டையும் வைத்துக்கொண்டு அல்லாடினோம், 1.0 பதிப்பில்தான் ஒன்றாக்கினார்கள். ரிமூவ் போட்டாலும் கான்ஃபிக் (அமைப்பு விவர) ஃபைல் தங்கிவிடும், அதற்கு பர்ஜ் தனியாக வேண்டும், கூட வந்தவற்றைத் துரத்த ஆட்டோரிமூவ் வேறு. ஆனாலும் தவறுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் கருவி இது. 2021-ல் ஒரு பிரபல யூடியூபர் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் ஆப்பைப் போடப்போய், எச்சரிக்கையை மீறி 'எஸ், டூ ஆஸ் ஐ சே' என்று டைப் அடித்து, டெஸ்க்டாப்பையே காவு கொடுத்தார். அதற்கப்புறம் அந்த வாசகத்தை அடித்துத் தப்பிக்கும் வழியையே எடுத்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது டிஎன்எஃப். யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை, அது அநியாயம். 'டிஎன்எஃப் ஹிஸ்டரி' என்றால் என்றைக்கு எதைப் போட்டோம், எடுத்தோம் என்று எண்ணோடு பட்டியல் வரும். அந்த எண்ணைக் கொடுத்து 'அன்டூ' என்றால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆப்ட்டில் வெகுகாலம் இல்லாமல் இருந்த வசதி. ஒன்றை நீக்கினால் அதற்காக மட்டுமே வந்த துணைப் பேக்கேஜ்களையும் தானே கூட்டிக்கொண்டு போகும். குறை என்றால் மந்தம்தான், மடிவாளா பக்கம் பிஜி வைஃபையில் மெட்டாடேட்டா (பேக்கேஜ்களின் விவரப் பட்டியல்) இறங்குவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். 2024-ல் ஃபெடோரா 41-உடன் வந்த டிஎன்எஃப்5 இதில் எவ்வளவோ தேவலை.

இவை போக ஸ்னாப், ஃப்ளாட்பேக் என்று பல லினக்ஸ்களுக்கும் பொதுவான பேக்கேஜ் வகைகள் இரண்டு உண்டு. ஸ்னாப் பற்றி ஒரே வரி: உபுண்டு 22.04-ல் 'ஆப்ட் இன்ஸ்டால் ஃபயர்பாக்ஸ்' அடித்தால் வருவது ஸ்னாப், கேட்டது ஒன்று, கிடைப்பது வேறொன்று என்றால் அது என்ன சுலபம்? ஃப்ளாட்பேக்கை ஸ்டோரில் க்ளிக் செய்து போடுகிறவரை சுகம், டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரையில்) அதைத் திறக்கப் போனால் 'ஆர்க் டாட் மொசில்லா டாட் ஃபயர்பாக்ஸ்' என்று ஜாதகமே எழுத வேண்டும்.

புதுசாக வருகிற தம்பிக்கு ஆப்ட் உள்ள மிண்ட்டைக் கொடுங்கள். அதையும் இதையும் போட்டுப் பார்த்து நோண்டுகிற ரகம் என்றால் ஃபெடோரா. ஆர்ச் ஆட்களை யாரும் தேடிப்போய்ச் சேர்க்க வேண்டியதில்லை, தானாகவே போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.